ஓரத்தில் நின்ற பசு

செப்டம்பர் 6, திபிலீசி

பருப்புப்பொடி கொட்டிவிட்டது. அம்மா உறைமேல் உறை போட்டு, ரப்பர்பேண்டு சுற்றிக் கொடுத்தது. விமானத்தில் யார் எப்படித் தூக்கி எறிந்தார்களோ, சைக்கிள் பெட்டி முழுவதும் பரவியிருந்தது. செயினில் பொடி, பிரேக் கம்பியில் பொடி, மழைக்கோட்டின் பைக்குள் பொடி. விடுதி முற்றத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் நானும் மாமாவும் பூண்டு வாசனையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டால் செயினோடு பிசைந்து சாப்பிட்டுவிடலாம் என்றார் மாமா.

நான் படித்த பயண நூல்களில் எவருக்கும் இப்படி ஆவதில்லை. முதல் பக்கத்திலேயே மலையைப் பார்த்துவிடுகிறார்கள்.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்த்த பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவர் உனக்கு யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அங்கிள் என்றேன். எந்த வழியில் அங்கிள்? அம்மாவின் தம்பி. சென்னியப்பன், வயது நாற்பத்தேழு, திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகாதவர். எனக்கு நான்கு வயதானதிலிருந்து அம்மாவும் நானும் அவர் வீட்டில்தான் இருக்கிறோம். கடைசி வாக்கியத்தை அவளிடம் சொல்லவில்லை.

இங்கிருந்து மேற்கே, கருங்கடல் வரைக்கும் சைக்கிளில் போவதாகத் திட்டம். அவசரமில்லாமல் போகலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். ஆனால் கிளம்பியதே அவருடைய அவசரத்தில்தான். பதிப்பகத்தில் பெரிய புத்தகங்கள் மெய்ப்புக்கு வந்து கிடக்கின்றன, அடுத்த வருடம் போகலாம் என்றேன். இந்த வருடம்தான் என்று நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, ஜார்ஜியா விசா சுலபம் என்றார். அடுத்த வருடமும் சுலபமாகத்தானே இருக்கும்.

செப்டம்பர் 8

நகரத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் குழுவோடு போகும்போது மாமாதான் எல்லாருக்கும் முன்னால் பறப்பார் என்று கேள்வி. இங்கே என்னை முன்னால் விட்டு, என் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வருகிறார். நான் சட்டென்று நின்றால் மோதுகிற தூரம். கொஞ்சம் தள்ளி வரச் சொன்னால், நீ போனால் காற்று மறைக்கிறது, சுகமாக இருக்கிறது என்கிறார். காலையில் நான் சாம்பல்நிறச் சட்டை போட்டிருந்தேன். அந்த ஆரஞ்சு மேல்சட்டையைப் போட்டால்தான் கிளம்புவேன் என்று ஒரே பிடிவாதம். வெயிலில் வெந்துபோனேன்.

மாலையில் தங்கப்போன வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து கையை நீட்டினார். மாமா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் குறுக்கே பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்புறம் தனியாக இருக்கும்போது ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். நம்மூரில் கும்பிடுவதுதானே மரியாதை என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளைக்காரர்களுக்குக் கை கொடுத்தே பழகியவர்.

செப்டம்பர் 9

மழை. பஞ்சர். மழையிலேயே பஞ்சர். எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, கோரியைத் தாண்டி ஒரு கிராமம்

நாய்கள் துரத்தின. இங்கே நாய்கள் கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கின்றன. நின்றுவிட்டால் அவையும் நின்றுவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். நாங்கள் நின்றோம். அவை நிற்கவில்லை. அருகில் வந்து எங்களைக் கடிக்காமல் பைகளை மோந்து பார்த்துவிட்டு, ஊர் எல்லைவரை கூடவே ஓடிவந்தன. பருப்புப்பொடி வாசனைதான்.

இன்று தங்கியிருப்பது த்ஸியாலா என்கிற அம்மாளின் வீட்டில். திராட்சைப் பந்தல், கோழிகள், எந்நேரமும் ஓடும் தொலைக்காட்சி. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. என் பெயர் வாயில் நுழையாமல் மதூ, மதூ என்றே கூப்பிடுகிறார். பயறு வைத்துச் சுட்ட லோபியானி என்ற ரொட்டியைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். மாமா குளித்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே போய், "மாமா, சுடுதண்ணி வருதுங்களா?" என்று குரல் கொடுத்தேன்.

த்ஸியாலா நிமிர்ந்து பார்த்தார். "மாமா?" என்றார், கதவைக் காட்டி. ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மாமா, மாமா என்று சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று புரியாமல் செல்போனில் தேடிப் பார்த்தேன். இவர்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.

மாமாவிடம் சொன்னபோது துண்டோடு நின்று வெகுநேரம் சிரித்தார். "ஒரே நாள்ல புரொமோஷனு. சம்பளம்தான் ஏறல" என்றார்.

த்ஸியாலாவிடம் திருத்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். தாய்மாமன் என்பதற்கு அவர்களிடம் என்ன சொல் இருக்கிறதோ. பிழை திருத்துவதுதான் என் வேலை. ஆனால் அந்த அம்மாள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா என்ற சொல் விண்ணப்பப் படிவங்களில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நாட்டில் அது வேறு யாரையோ குறித்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 11

மாமா பசுமேல் மோதிவிட்டார்.

பசு ஓடிவரவில்லை. சாலையின் வலது ஓரத்தில், வெட்டவெளியில், வெயிலில், எல்லாருக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் பெரிய பசு. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் மாமா பசுவின் வயிற்றில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். சைக்கிள் கீழே கிடக்கிறது. பசு அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை.

"எங்கிருந்து வந்துச்சு இது?" என்றார்.

வரவில்லை, அங்கேதான் இருந்தது என்றேன். எதையோ யோசித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பசுவைத் தடவிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். முன்பிரேக் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்தப் பாதிப் பகல் போயிற்று.

எனக்குக் கோபம். மலைப்பாதையில் இப்படி யோசித்துக்கொண்டு வந்தால் என்ன ஆவது? சாப்பிடும்போதும் கவனமில்லை. நேற்று டீ டம்ளரைத் தட்டிவிட்டார், இன்று உப்பை. த்ஸியாலா வீட்டுப் பூனையை மிதித்தார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்று கெஞ்சினேன். முடியவே முடியாது, இருட்டு விழுவதற்குள் அறைக்குள் போய்விட வேண்டும் என்கிறார். இருட்ட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இவர் இப்படிப் பயந்தவர் இல்லையே.

செப்டம்பர் 12

வயிறு சரியில்லை. எனக்குத்தான். ரொட்டிக்குள் இருந்த பயறு. நாள் முழுவதும் படுத்துக்கிடந்தேன். மாமா மோர் மாதிரி ஏதோ வாங்கி வந்து கொடுத்தார். கட்டில் ஓரத்தில் வைக்கப் போய்க் கட்டிலுக்கு வெளியே வைத்தார். இரண்டு பேரும் தரையைத் துடைத்தோம். சண்டை போடத் தெம்பில்லை.

செப்டம்பர் 14, மலைக்கு மேற்கே

நடந்ததை வரிசைப்படி எழுதிப் பார்க்கிறேன்.

கணவாயில் பெரிய சுரங்கப்பாதை ஒன்று உண்டு. அதற்குள் சைக்கிளில் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மலைமேல் சுற்றிப் போகும் பழைய சாலையைப் பிடித்தோம். ஏறுவதற்குள் உயிர் போய்விட்டது. ஆனால் மேலே பீச் மரங்கள், ஈர மண் வாசனை, வண்டிகளே இல்லை. மாமா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கழுத்தை ஆந்தைபோல மெதுவாகச் சுற்றி எல்லாவற்றையும் பார்த்தார். நான்கூடக் கிண்டல் செய்தேன்.

இறக்கத்தில் ஒரு குட்டிச் சுரங்கம் வந்தது. இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான் நீளம். மாமா நின்றுவிட்டார். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா என்றார். இதற்குப் போயா என்றேன். அப்படித்தான் சொன்னேன். சரி போ என்றார்.

நான் உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டேன். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வந்து, என்னைத் தாண்டி உள்ளே நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறியது. மாமா வரவில்லை. புகைப்படம் எடுக்கிறார் என்று நினைத்து, தண்ணீர் குடித்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். பிறகு திரும்பிப் போனேன்.

சைக்கிள் கீழே கிடந்தது. மாமா சுவரோடு ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் ஈரச் சுவரில் பதித்துக்கொண்டு நின்றார். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. சத்தம் போடவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"அம்மிணி, நீதான?" என்றார்.

நான் அவருக்கு நேர் எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15

முந்தைய பக்கத்தில் விட்டதை எழுதிவிடுகிறேன்.

பழம் ஏற்றிப் போன ஒரு வண்டிக்காரர் எங்களையும் சைக்கிள்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு அடிவாரத்து ஊரின் சிறிய மருத்துவமனையில் இறக்கிவிட்டார். நர்ஸ் மாமாவை உள்ளே கூட்டிப் போனார். நான் மாமா மாமா என்று கூடவே ஓடினேன். நர்ஸ் என்னைத் தடுக்கப் போனவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் கதவைத் திறந்துவிட்டார். நான் எதையும் திருத்தவில்லை.

தையல் போட்டார்கள். இடையில் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேட என்னை வெளியே அனுப்பினார் மாமா. பைக்குள் எல்லாம் பொடி. தேடி எடுத்துக்கொண்டு வந்தால் மருத்துவர் கதவுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார். கேத்தேவான் என்று பெயர். நிதானமான, நல்ல ஆங்கிலம்.

தையல் ஒன்றுமில்லை, ஆறிவிடும் என்றார். பிறகு, உங்கள் அப்பாவை இந்தக் கண்களோடு மலையில் சைக்கிள் ஓட்ட எப்படி விட்டீர்கள் என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே அவிந்துகொண்டு வருகிற நோய். முப்பது வயதிலிருந்தே அவருக்குத் தெரியுமாம். நடுவில் மட்டும்தான் இப்போது மிச்சம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் அதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசினார். மகளுக்குத் தெரியாமலா இருக்கும்?

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் என் தோளில் கைவைத்து, இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவது, நீங்கள் மகள் என்பதால் சொல்கிறேன், ஊருக்குப் போனதும் உங்கள் கண்களையும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம், நான் மகள் இல்லை என்று. சொன்னால் என்ன மாறும் என்று தெரியவில்லை. அம்மாவும் அவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

மாமா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு எங்கள் உறவில் பல கதைகள் உண்டு. எல்லாமே காதல் கதைகள்.

செப்டம்பர் 16

துணி துவைத்தேன். காலரில் ரத்தக்கறை போகவில்லை. வீட்டில் என்றால் உப்புப் போட்டு ஊற வைத்திருப்பேன். உப்பு வாங்கக் கடைக்குப் போய், வெளுப்பாக இருந்ததைப் பார்த்து சர்க்கரை வாங்கி வந்துவிட்டேன். டீயில் போட்டுக் குடித்தோம்.

மாமா படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். தையல் ஆறிவிடும் என்று சொன்னார் என்றேன்.

அம்மா போனில் பேசினாள். தம்பி எப்படி இருக்கிறான், கண்ட நேரத்தில் சாப்பிடுகிறானா என்று கேட்டாள். நல்லா இருக்காங்க என்றேன். பக்கத்திலேயே அவர் ஒற்றைப் புருவத்தில் பிளாஸ்திரியோடு, வீடியோவில் வராத பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

குளியலறைக் கண்ணாடியை நேராகப் பார்த்துக்கொண்டு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சும்மாதான்.

செப்டம்பர் 17, குத்தாயிசி

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

மாமா காலையிலேயே எழுந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தையல் போட்ட இடம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. இனிமேல் மலை இல்லை, கடல்வரை சமதரைதான், மெதுவாகப் போய்விடலாம் என்றார். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஏன் என்று கேட்டால் எதைச் சொல்வது? அதனால் எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மிதிக்கவே முடியவில்லை என்று நொண்டிக் காட்டினேன்.

மாமா எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். மார்ஷ்ருத்கா என்கிற வேனில் பேசி இடம் பிடித்தார். சைக்கிள்களைக் கூரையில் கட்டினார்கள். வேனுக்குள் ஒரு கிழவி எனக்குப் பேரிக்காய் கொடுத்துவிட்டு, என் கால்மேல் தன் பையை வைத்துக்கொண்டாள். மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழிநெடுக வெளியே பார்த்தார். கழுத்தை அப்படி இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேன் வேகமாகப் போயிற்று. அவர் ஒன்றைப் பிடிப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது. சைக்கிளில் என்றால் அவருக்கு நேரம் இருந்திருக்கும்.

இதை வேனில் ஏறும் முன் நான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 18, குத்தாயிசி

மதியம் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தோம். மாமா நிதானமாகக் கேட்டார்.

"எந்த மொழங்காலு அம்மிணி?"

வலது என்றேன்.

"வேன் ஏறும்போது எடதுல நொண்டுன."

நான் கதிரைத் தின்றுகொண்டே இருந்தேன்.

"எனக்கு நேராத் தெரியும். ஓரந்தான் தெரியாது. நீ என்ற முன்னால நேரா நொண்டிக்கிட்டுப் போன." பிறகு, "டாக்டரம்மா சொல்லிருச்சா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் எதிரே இருந்த நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டியது தெரிந்திருக்காது. அதனால், சொன்னாங்க என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்து புரொமோஷன் வாங்கியது தப்பாகப் போய்விட்டது என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. எப்படித் தெரியும் உங்களுக்கு, பார்க்கிறபோது என்ன தெரியும் என்று கேட்டேன். எவ்வளவோ படித்திருக்கிறேன், இதைக் கேட்க நல்ல வாக்கியம் ஒன்று அமையவில்லை.

"பனியனப் போடறப்ப கழுத்துல தல மாட்டிக்குமல்ல, அந்த ஓட்ட வழியாப் பாக்கறாப்பல இருக்குது" என்றார். "மொதல்ல எக்ஸெல்லு. வருசத்துக்கு ஒரு சைசு கொறஞ்சுட்டே வந்து, இப்பக் கொழந்த பனியனுக்கு வந்துருச்சு."

அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது. தெரிந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரிவாள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். ஊருக்குப் போய் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே. பிறகு, கடல்வரை ஓட்டிவிடுகிறேன், அதோடு சைக்கிளைத் தொட மாட்டேன் என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்.

"நீ வேண்டாம்னு சொல்லு, இங்கயே நிறுத்திக்கறேன். உன்ற மேல சத்தியமா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. என்னைக் கேட்காமலே அவர் போவார், நான் பின்னால் ஓடுவேன் என்று இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பார். இப்போது வேண்டாம் என்றாலும் நான்தான், சரி என்றாலும் நான்தான். அடிபட்டாலும் நான்தான். நீரூற்றில் புறாக்கள் குளித்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல்.

நான் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்றேன். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். பெரிய சாலை வேண்டாம், கிராமத்து வழியாகப் போகலாம். மதியத்துக்குமேல் ஓட்டக் கூடாது.

"சரிங்க மேடம்" என்றார்.

செப்டம்பர் 19

தொண்டை கட்டிவிட்டது. வீட்டில் வாயைத் திறக்காதவள் என்று பெயர் எடுத்தவள் நான். இன்று விடியலிலிருந்து கத்திக்கொண்டே வந்திருக்கிறேன். வலப்பக்கம் குழி. எதிர்ல கார். பன்னி, பன்னி, குட்டிங்களோட. வாத்து. ஜல்லி கெடக்குது. கதவு தெறந்த வேன். வீடுகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் இது யார் எங்கள் ஊரை வேற்று மொழியில் ஏலம் விடுகிறவள் என்று பார்த்தார்கள்.

ஒரு சாலையில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டியிருந்தபோதுதான் பார்த்தேன். சொல்லாமல் விட்டது எத்தனையோ. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பின்னால் சக்கரச் சத்தம் ஒரு நொடி கேட்காவிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிறேன்.

ஒருமுறை வாய்க்கால் இருந்தது இடப்பக்கம், நான் சொன்னது வலப்பக்கம். மாமா இடது பக்கம் ஒதுங்கி நேராக வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் அளவுச் சேறு. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா சேற்றில் உட்கார்ந்தபடி தாமரை இலை மாதிரி எதையோ தலையிலிருந்து எடுத்துப் போட்டார்.

"நீ நொண்டும்போதே நெனச்சேன், உனக்கு எடது வலது தகராறுன்னு."

அங்கேயே திரும்பிவிடலாம் என்றேன். வேன் பிடிக்கலாம் என்றேன். நான் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சேறு வழியும் சட்டையோடு நின்று, நான் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. துடைத்துக்கொண்டு கிளம்பினோம்.

செப்டம்பர் 20, உரேக்கி

காலையில் கிளம்பி, யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் ஒரு நேரான சாலையில் வந்தோம். மாமா இன்று ஒன்று கேட்டார். கொஞ்ச தூரம் அவர் முன்னால் போகலாமா என்று. முன்னால் என் ஆரஞ்சுச் சட்டையையே பார்த்துக்கொண்டு ஒரு நாட்டைக் கடந்துவிட்டாராம். சாலை காலியாக இருந்தது. போங்க என்றேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் நான் போனேன். இதுவரை அவர் எப்படி ஓட்டுகிறார் என்று நான் பார்த்ததே இல்லை. நேராகத்தான் ஓட்டினார். தோள்களைத் தளர்த்தி, கொஞ்சம் வேகமாக, ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பறப்பதாகச் சொல்வார்களே, அதுபோல. நான் கத்தவில்லை. பிரேக்கில் விரல்களை வைத்துக்கொண்டு, அவர் விழுந்தால் விழுந்த இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன். அவர் விழவில்லை.

சாலை முடிந்து பைன் மரங்கள், அப்புறம் மணல். இந்தக் கடற்கரையில் மணல் கறுப்பு. சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தண்ணீர் வரைக்கும் நடந்தோம். சீசன் முடிந்துவிட்டதால் ஆட்களே இல்லை. மடக்கி வைத்த குடைகளும், தூரத்தில் ஒரு நாயும்.

மாமா கடலைப் பார்த்தார். இடது கோடியில் ஆரம்பித்து, தலையை மெல்ல மெல்லத் திருப்பி, வலது கோடிவரை போனார். பிறகு மறுபடியும் முதலில் இருந்து. நான் கண்ணைத் திறந்ததுமே எனக்குக் கிடைத்துவிட்ட கடல் அவருக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் வந்து சேர வேண்டியிருந்தது.

முடித்துவிட்டு, "அம்மிணி, ஒண்ணு பண்ணு" என்றார். "என்ற முன்னால இருந்து அப்படியே அந்தப் பக்கமா நடந்து போ. நான் சொல்றப்ப நில்லு. எவ்வளவு மிச்சம்னு பாத்துக்கறேன். திரும்பாம நேராக் கடலப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

வேண்டாங்க மாமா என்றேன். பாத்துக்கறேன், போ என்றார்.

அவருக்கு எதிரே நின்று, பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நாய் நின்ற இடம் வரைக்கும். அதற்காகக் கால்சட்டையைக்கூட மடித்துவிட்டுக்கொண்டேன்.

"இப்ப நீ இல்ல" என்றார்.

நின்றேன். கையை நீட்டினால் அவர் என் தோளைத் தொட்டுவிடலாம்.

அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போயிற்று. அவர் முகம் நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை, அளவெடுத்து முடித்தவரின் முகம். நானும் அவரைப் பார்ப்பதை விட்டு நேராகக் கடலைப் பார்த்தேன். ஓரத்தில் அவருடைய நீலச் சட்டை தெரிந்தது. தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"அங்கயே இருக்கறயா?" என்றார்.

"இங்கதான் இருக்கேனுங்க."

குரல் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பினார். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டார். என்னைத் தாண்டி, வெறும் மணலைப் பார்த்துச் சிரித்தார்.

நான் சத்தம் போடாமல் நகர்ந்து, அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.